இட்லித் தட்டில் ஸ்க்ரூ

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும், நடந்தது முன்பின்னாக வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றித் திரும்ப மாட்டியது நான்தான். அதில் மறதி கிடையாது.

மலையாளம் பேசும் கரமனையில் வீடு வீடாகத் தோசை மாவு கொடுக்கிறேன். வண்டி, முன்பக்கம் மூக்கில்லாத பழைய வேன். முன்பு வீட்டுக்காரர் ஓட்டினார். அவர் போன பிறகு, தலை நரைத்த காலத்தில் நானே ஓட்டப் படித்தேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. வண்டிக்குள் ஏறிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஹார்ன் பேசிக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸ் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். மற்றதெல்லாம் சரி, வைப்பர் மட்டும் ஆடவில்லை. பத்து நாளில் சரிசெய்து கொண்டுவரவில்லையென்றால் பேப்பர் புதுக்கித் தர முடியாது என்று ஆபீசர் சொல்லிவிட்டார்.

எங்கள் சந்து முனையில் ஒரு ஒர்க்ஷாப் இருக்கிறது. அங்குள்ள மெக்கானிக் குனிந்து பார்த்தார். வைப்பரின் கம்பியும் மோட்டாரும் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறதாம். அதை முழுசாகக் கழற்றாமல் கை போகாதாம்.

"இத இளக்கினா பின்னெ திரும்ப கேறாது, கேட்டோ அக்கா. பழைய பிளாஸ்டிக், கிளிப்பெல்லாம் பொட்டும். ஆக்ரிக்காரனுக்குக் கொடுத்திடு."

இளக்கினால் என்றால் கழற்றினால், பொட்டும் என்றால் உடையும், ஆக்ரி என்றால் இங்கே பழைய இரும்பு. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

மகனிடம் சொன்னேன். அவன் ஓட்டலில் வேலை பார்க்கிறான்.

"எம்மா, அது போனா போவட்டும். மாவு சுமந்ததும் போதும். நாலு சீரியலப் பாத்துட்டு வீட்ல இருங்க."

பாசத்தில்தான் சொன்னான். ஆனால் வண்டி போனால் என்னை எங்கே உட்கார வைப்பான் என்பது தெரிந்துவிட்டது. டி.வி.க்கு எதிரே. அசையாமல். மறுநாள் மாவு கொடுத்து வந்ததும் வீட்டுக்காரரின் பழைய பையிலிருந்து ஸ்பேனரையும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தேன்.

முதலில் பாட்டரியின் ஒரு வயரைக் கழற்றி வைத்தேன். அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடி, பெட்டிக் கதவு, ரேடியோ. ஒவ்வொன்றும் கழன்றதும் அதன் ஸ்க்ரூவை இட்லித் தட்டில் ஒரு குழியில் போட்டேன். முதலில் கழன்றது அடித்தட்டில், கடைசியில் கழன்றது மேல்தட்டில். திரும்ப மாட்டும்போது மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால் போதும். வயர்களைப் பிரிக்கும்போது பழைய சேலையைக் கிழித்து இரண்டு நுனியிலும் கட்டினேன். இரண்டிலும் பேனாவால் ஒரே எழுத்து. அ முதல் ஔ வரை போதவில்லை, க ங ச என்று ட வரைக்கும் போனேன். அஞ்சாம் வகுப்பு அதற்குத் தாராளம்.

மூன்று நாள் வீட்டில் இட்லி இல்லை. மகன் கேட்டான். "தட்டுல வேற வேவுது" என்றேன். "வெந்ததும் சொல்லுங்க, சட்னி அரைக்கேன்" என்றுவிட்டுப் போனான்.

டேஷ்போர்டு மேலே ஒட்டியிருந்த பிள்ளையாரோடு பெயர்ந்து வந்தது. உள்ளே பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வைப்பர் கம்பியைச் சுற்றிக் கட்டுக்கட்டாக வாழைநார். காய்ந்த அருகம்புல். செவ்வாய்தோறும் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, அங்கே வாங்கிய, நாரில் கட்டிய புல்மாலையை இந்தப் பிள்ளையாருக்குச் சார்த்துவேன். காய்ந்தது கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்று இடுக்கில் விழுந்திருக்கிறது. காற்றில் பறந்திருக்கும் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வைப்பரை நிறுத்தியது பழசு இல்லை, நான் போட்ட மாலை.

மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். "கணபதிக்கு வைப்பர் வேண்டாம் போல அக்கா" என்று சிரித்தார். நான் பிளேடால் நாரை அறுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் விட்டுக் கம்பியைத் தள்ளினேன். நகர்ந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

மாட்டுவதுதான் பாடு. எல்லாவற்றையும் முடுக்கிய பிறகு பார்த்தால் ஸ்பீடு மீட்டரின் கேபிள் கீழே தொங்குகிறது. அதற்குச் சேலைத்துணி கட்ட மறந்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே முழுவதையும் மறுபடி கழற்றினேன். மெக்கானிக் சொன்னபடி இரண்டு கிளிப் உடைந்தது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டு, கோணி ஊசியால் நைலான் நூல் கோத்துத் தைத்தேன். இன்றுவரை பிரியவில்லை.

ஒன்பதாம் நாள் அதே ஆபீசர் முன்னால் நிறுத்தினேன். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வைப்பர் ஆடியது. தையலைத் தடவிப் பார்த்தார்.

"இது ஆரா செய்தது?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எப்போதும்போல் தலை குனியப் பார்த்தது. குனியவில்லை.

"ஞானாணு செய்தது, சாரே."

நான்தான் செய்தேன் என்று அவருடைய மலையாளத்திலேயே சொன்னேன். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பேப்பரில் முத்திரை விழுந்தது. மறுநாள் காலையிலும் மாவு போனது. பிள்ளையாருக்கு இப்போது புல் மட்டும், நார் கிடையாது.

ஒரு விஷயம். எல்லாம் மாட்டிய பிறகும் அடித்தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. பாட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது கறுப்பு வயர் என்று நினைக்கிறேன், அதுவும் உறுதியில்லை. வண்டி தெரிந்தவர்கள் யாராவது இரண்டையும் சரிபார்த்துச் சொன்னால் நல்லது. வந்து பார்க்கலாம், காலையில் மாவு கொடுத்து முடித்த பிறகு. கழற்றச் சொன்னால் நானே கழற்றிக் காட்டுகிறேன்.