ஷோகேஸ் இடம் மாறிய வெள்ளிக்கிழமை

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வருகிறேன்... வாசலில் மச்சான் நஸாரின் ஓட்டோ. பின் சீற்றில் பழைய பாய் ஒன்றை மடித்துப் போட்டு, தயாராக நிற்கிறான்.

“மச்சான், பொட்டிய ஏத்துவமா?”

பெட்டி என்றால் என் சப்வூஃபர், பேஸுக்கென்றே தனியாக உள்ள ஸ்பீக்கர். வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது!

இந்தப் பத்தியில் பல தடவை பீற்றியிருக்கிறேன் — என்னிடம் ஒரு அம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. இருபது வருஷமாக என் கதிரைக்கு எதிரே நிற்கின்றன. பாடுகிறவர் நம் ஹோலுக்குள்ளேயே நிற்பது போலக் கேட்கும். குறை ஒன்றுதான். பாட்டுக்கு அடியில் ஓடும் கனமான பேஸ் போதாது. கல்முனையில் ரேடியோக் கடை வைத்திருக்கும் நஸார்தான் சொன்னான், “ஒரு சப் போட்டாச் சரி மச்சான்.” போட்டேன்.

எங்கே? அவன் காட்டிய இடத்தில் — ஹோல் மூலையில், ஷோகேஸுக்குப் பக்கத்தில். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து ஏறுகிறவன். இருபத்தாறு வருஷமாக மருதமுனையில் என் மனைவி றிஸானாவின் வீட்டில் குடியிருக்கிறேன். அந்தக் கதிரையைப் போடவே அனுமதி கேட்டவன் நான். ஷோகேஸோ அவளுடைய உயிர். உள்ளே கட்டாரிலிருந்து வந்த கோப்பைகள். ஒவ்வொரு பேஸ் அடிக்கும் அவை கிலுகிலுவென்று நடுங்கின. சரி, எனக்காவது கேட்டதா? அதுவும் இல்லை! அடுப்படியில் இடி இடித்தது. என் கதிரையில் ஒன்றுமே இல்லை.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். சரி வரல்லயெண்டா பொட்டி தம்பிட வீட்ட போகட்டும்” என்று றிஸானா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அந்தத் தம்பி நஸாருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மூலையைக் காட்டியதே இதற்குத்தானோ?

“அரை மணித்தியாலம் தா” என்றேன், வாசலில் நின்ற நஸாரிடம். இணையத்தில் ஒரு வழி படித்து, வெட்கத்தில் செய்யாமல் வைத்திருந்தேன். நாம் இருந்து கேட்கும் கதிரையில் பெட்டியை ஏற்றிவைத்துப் பாட்டைப் போட வேண்டும். பிறகு ஹோல் முழுக்கத் தவழ்ந்து, எந்த இடத்தில் பேஸ் தெளிவாகக் கேட்கிறதோ, அந்த இடத்தில் பெட்டியை இறக்க வேண்டும்.

ஐம்பத்துமூன்று வயது. பெட்டியைக் கதிரையில் ஏற்றிப் பாட்டைப் போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்தேன். நஸார் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான். எனக்கோ எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் கேட்டது. இருபது வருஷம் பாட்டுக் கேட்ட காது என்று எத்தனை பெருமை...

அடுப்படியிலிருந்து றிஸானா அகப்பையோடு வந்தாள்.

“என்ன செய்யிறீங்க?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பின்வளவில் அவளுக்கு நாலு கைத்தறி ஓடுகிறது. சோறு வடித்துக்கொண்டே, “மூணாவது தறி பிழையா அடிக்குது, பாருங்க” என்பாள். போய்ப் பார்த்தால் பிழையாகத்தான் இருக்கும்.

“நீங்க எழும்புங்க, முழங்கால் போயிரும்.” அகப்பையை என் கையில் தந்துவிட்டுக் குந்தினாள்.

ஜன்னலடியில் — “இஞ்ச ஒண்டும் கேக்கல்ல.”

கதவடியில் — “இஞ்ச ரெண்டு அடி ஒண்டாக் கலக்குது. தறி இப்பிடி அடிச்சா துணி என்னத்துக்கு ஆகும்?”

சுவரோரமாக நகர்ந்துகொண்டே போனாள். ஓரிடத்தில் நின்று கண்ணை மூடினாள்.

“இஞ்சதான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக் கேக்குது.”

கண்ணைத் திறந்தாள். அவள் முதுகு முட்டிக்கொண்டிருந்தது ஷோகேஸில்.

நஸார் போனை இறக்கினான். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. பெட்டி அங்கே வர வேண்டுமென்றால் ஷோகேஸ் எழும்ப வேண்டும். ஷோகேஸை அசைக்கச் சொல்லும் தைரியம் இந்த ஊரில் எந்த மாப்பிள்ளைக்கு உண்டு? ஓட்டோவில் ஏற்றத்தான் வேண்டும் என்று பெட்டியடியில் குனிந்தேன்.

“அத எங்க தூக்கிறீங்க?” என்றாள் றிஸானா. “தம்பி, கோப்பையெல்லாம் பக்குவமா எடு. ஷோகேஸ அந்தச் சுவர்ப்பக்கம் தள்ளு.”

“ராத்தா... நான் பொட்டி ஏத்தத்தானே வந்த?” என்று அக்காவிடம் முனகினான்.

“தூக்கத்தானே வந்த? தூக்கு!”

தூக்கினான். கோப்பைகள் திரும்பவும் உள்ளே போயின. ஷோகேஸ் நின்ற இடத்தில் பெட்டி இறங்கியது. பதினெட்டு வயதிலிருந்து எனக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைப் போட்டேன். அல்லாஹ்வே! அந்தப் பாட்டுக்குள் ஒருவர் பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு தட்டும் சுத்தமாக வந்தது. ஒரு கோப்பைகூட அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நஸாரே ஒத்துக்கொண்டான், “ஓம் மச்சான், வேற மாதிரித்தான் இரிக்கி.”

பாட்டுக் கேட்டால்தான் காது வளரும் என்று யார் சொன்னது? என் காது கதிரையில் இருந்து வளர்ந்தது. அவளுடைய காது வேலை செய்து வளர்ந்தது.

றிஸானா என் கதிரையில் சாய்ந்து, பாட்டை முழுதாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“இந்தப் பக்கம் சரி. அந்தப் பக்கம் ஒரு தறி ஓடாத மாதிரிக் கிடக்கு. தம்பி, இன்னொரு பொட்டி கொண்டு வா.”

வெற்றி! முழு வெற்றி! ஒன்றை ஏற்றிப்போக வந்த ஓட்டோ, இன்னொன்றைக் கொண்டுவரக் கல்முனைக்குக் கிளம்பியது.

அவள் அடுத்த பாட்டைப் போடச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்... கையில் அகப்பையோடு.