சுனைக்கு மேலே ஒரு செங்கல் மேடு

இன்று காலை குழாயடியில் யாரோ சீயக்காய் தேய்த்துக் குளித்தார்கள். இந்தப் பபேடான் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கே அடிதடி, இதில் சீயக்காய் வேறா என்று முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். வாசனை விடவில்லை, யோமா மலையடிவாரத்துச் சுனைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடவே பழைய எரிச்சலும்.

அப்பா பர்மாவுக்குக் கப்பலேறி வந்து, இன்சீன் ரயில்வே பட்டறையில் உலைக்குக் கரி தள்ளியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், கேட்டவர்கள் பாவம்.) சுனைக்கு மேலே பழைய ராஜாக்கள் கட்டிய பயாக்கள், அதுதான் புத்தர் கோயில்கள், இடிந்து கிடக்கின்றன என்று வகுப்பில் கேட்டதிலிருந்து, அப்பாவைக் கூட்டிப்போய் நானே எல்லாம் சொல்லிக் காட்ட வேண்டுமென்று ஆசை. அடுத்த கப்பலில் அவர் ஊருக்குப் போகிறார். அதற்குள் கிடைத்தது ஒரே ஒரு லீவு.

அது சனிக்கிழமையாகப் போனதுதான் வினை. சுனையைக் கண்டதும் அப்பாவின் கூட்டாளி முனுசாமி மாமா மூட்டையிலிருந்து நல்லெண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

"மாமா, முதல்ல மேல போயிட்டு வந்துடலாம்."

"போடா! நம்ம கூலி லைன்ல ஒரு தகரம் தண்ணிக்கு வரிசையில நிக்கிறோம். இங்க மலையே ஊத்துது. உன் செங்கல் எங்க ஓடிடப் போவுது?"

எண்ணெய் ஊற வேண்டுமாம். பிறகு சீயக்காய் தேய்த்துக் குளியல். பிறகு மிளகு ரசமும் சோறும். எண்ணெய் முழுகினவன் வெயிலில் ஏறக்கூடாதாம். அதற்காக நிழலில் ஒரு படுக்கை. சுனைக்குக் காவலிருந்த ஊ தா என்ற பர்மியப் பெரியவர், "தம்பி, உங்க ஆளுங்க பயாவுக்கு வந்தாங்களா, குளிக்க வந்தாங்களா?" என்று பர்மியில் கேட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் கத்தினேன். அப்பா தலையைத் துவட்டியபடி எழுந்தார். "சரிங்க வாத்தியாரே, காட்டுங்க."

ஏறினோம். முதல் செங்கல் மேட்டில் அப்பா சௌகரியமாக உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமினேன். கீழேயிருந்து மாமாவின் குரல்: "இத வுட்டா வண்டி இல்லடோய்!"

"நல்ல எடம்டா, காத்து வருது," என்று எழுந்தார் அப்பா. "மிச்சத்த நான் திரும்பி வந்ததும் சொல்லு."

மிச்சமாம்! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே.

ஊருக்குப் போனவர் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டார். சுனைத் தண்ணீர் இரும்புக் குழாய்க்குள் போய்விட்டது. செங்கல்லையெல்லாம் உடைத்து மலைச்சாலைக்குக் கொட்டிவிட்டார்கள். போன மாதம் அந்தச் சாலையில் லாரியில் போனேன். அப்பா உட்கார்ந்த மேடு எந்த வளைவுக்கு அடியில் கிடக்கிறதோ, கேட்கக்கூட ஆளில்லை.