சைவப் பூனைக்கு வீடு விட்ட கதை

முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நான் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், பணம் தராமல் இருக்கக் காரணம் கண்டுபிடிப்பது. லாரி இடித்தது, கடை எரிந்தது, மாடு செத்தது என்று யார் வந்து நின்றாலும், அது நம் பொறுப்பில்லை என்று ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதிக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ரிட்டயராகி வலியசாலையில் என் வீட்டு மாடியை முதல்முறையாக வாடகைக்கு விட்டபோது, போயும் போயும் ஒரு வக்கீலிடமா போவது என்று வாடகைப் பத்திரத்தை நானே எழுதினேன். தலைக்கனம்தான், வேறென்ன.

மலையாளத்து ஊர் என்றாலும் எங்கள் தெரு தமிழ் அக்ரஹாரம். இங்கே வீடு விடுகிறவன் முதலில் விசாரிப்பது மீனைப் பற்றி. வந்தவருக்கு வேலை உண்டா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். என் பத்திரத்தில் மீனுக்கு மட்டுமே மூன்று ஷரத்து. சமைக்கக் கூடாது, வாங்கி வரக் கூடாது, விருந்தாளி கொண்டுவந்தாலும் படியேற்றக் கூடாது. கருவாட்டுக்குத் தனியாக நாலாவது. யாராவது விழுந்தால், கடிபட்டால், காயப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி இல்லை.

குடிவந்தவள் பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த பெண். அவள் அம்மா இன்றும் அங்கே கொழுந்து கிள்ளுகிறாள். இவளுக்கு ஊருக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பத்திரத்தைப் படித்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"நான் முட்டைகூடத் தொடமாட்டேன் சார். ஆனா ஒரு பூனை உண்டு. குழப்பமில்லையே?"

"பூனைதானே, இருந்துட்டுப் போறது. ஆனா ஷரத்து அதுக்கும் சேர்த்துத்தான்."

"அதுக்கு மீன் இல்லாம பற்றாதே சார்."

"பழக்கினா பழகும். தயிர் சாதம் போடு."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்காரனாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் பூனையின் ஆகாரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எனக்கு வந்துவிட்டது.

பாவம், அவள் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளையில் மஞ்சள் திட்டுப் போட்ட அந்தப் பூனைக்கு இரண்டு வேளையும் தயிர் சாதம். பூனை பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை அல்லவா, அது தன் வழியைப் பார்த்துக்கொண்டது. ஒரு நாள் காலை நான் குளித்துவிட்டுப் பூஜை அறைக்குள் போனால், பிள்ளையார் படத்துக்கு முன்னால் பாதி எலி கிடக்கிறது. சுவாமியின் வாகனத்தைத் தின்று, மிச்சத்தை சுவாமிக்கே படைத்திருந்தது. நான் மறுபடியும் குளித்தேன்.

எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஓட்டின் மேல் ஏறினால் தெருக்கோடிவரை நடக்கலாம். பசித்த பூனை நடந்தது. அடுத்த வீட்டு மாமி தனியாக இருக்கிறவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், நான் அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து என்னை 'டா' போட்டே கூப்பிடுகிறவள். அவள் அடுக்களையில் பால் பாத்திரத்துக்குள் தலைவிட்டிருந்த பூனையை விளக்குமாறால் விரட்டியிருக்கிறாள். ஓடப் பாதையில்லாமல் அது மாமியின் மேலேயே சாடி வெளியே போயிற்று.

மாமி வாசலுக்கு வந்து வலது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே மூன்று கோடு, ரத்தம் கசிந்தது.

"உன் மாடிப் பூனை பண்ணின காரியத்தைப் பாருடா."

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போது வாயைத் திறந்தது நான் இல்லை, என் ஆபீஸ்.

"எங்காத்துப் பூனைதானா மாமி? நன்னாப் பாத்தேளா? தெருவுல எத்தனையோ பூனை இருக்கே."

"வெள்ளையும் மஞ்சளும். அதேதான்."

"இருட்டு அடுக்களையில நிறம் எப்படித் தெரியும்? நீங்க கையை வீசினப்போ ஆணி ஏதானும் கீறியிருக்கும்."

"ஆணி மூணு கோடு போடுமோடா?"

"துருப்பிடிச்ச தகரம்னா போடும்."

மாமி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீ ஆபீஸ்ல இதெல்லாம் பார்த்தவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் அரைத்துப் பூசப் போனாள்.

நான் அடுத்த காரியத்தைக் கவனித்தேன். சாட்சியை அப்புறப்படுத்த வேண்டும். மாடிக்குப் போய், பூஜை அறையில் எலி போட்ட பூனை இனி ஒரு மணி நேரம்கூட இங்கே இருக்கக் கூடாது என்று கத்தினேன். மாமியின் கையைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தப் பெண் வாதாடவில்லை. லேபுக்கு லீவு சொல்லி, பூனையை மூடிக்கூடைக்குள் வைத்து, மத்தியான பஸ்ஸில் பொன்முடிக்குப் போய் அம்மாவிடம் விட்டாள். நான் நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

மறுநாள் காலை அவள் முதல் பஸ்ஸில் திரும்பி வந்தபோது மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால். வலது கை மஞ்சள் பத்தோடு வீங்கியிருந்தது. புள்ளிகள் ஒன்றுகூட நேராக இல்லை.

"கைக்கு என்னம்மா?"

"பூனைன்னு நான் நினைச்சேன். உன் வீட்டுக்காரன் தகரம்னான்."

அவள் பத்தை விலக்கிப் பார்த்தாள். பிறகு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். குழாயைத் திறந்து, மாமியின் கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். ஆட்டோ பிடித்தாள். நானும் ஏறிக்கொண்டேன். மாமி மேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள், இந்தப் பெண் அங்கே போய் எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவாளோ என்ற பயம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மலையாளத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது கீறியது, ஏன் நேற்றே வரவில்லை, பூனைக்கு ஊசி போட்டிருக்கிறதா. இந்த வருஷத்து ஊசி தவறிப்போயிற்று என்று அந்தப் பெண் சொன்னாள். பூனைக்குச் சொந்தக்காரர் யார் என்றதற்குத் தன் பெயரைச் சொன்னாள். பூனை எங்கே என்றார்கள். "ஊரில் கொண்டு விட்டேன்" என்றாள். யார் அனுப்பச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் சுவர்ப்பக்கம் நின்றேன். வெட்கம்தான், ஆனாலும் அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸைப் படிக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். ரேபிஸ், அந்த வெறிநோய், வந்துவிட்டால் மருந்தே கிடையாது. அதனால் ஊசி இப்போதே ஆரம்பிக்க வேண்டும், ஒன்றைக்கூட விடக் கூடாது. நேற்றே போட்டிருக்க வேண்டியது. பூனையைப் பத்து நாள் கண்முன்னால் வைத்துப் பாருங்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பயமில்லை. புண்ணைச் சுற்றி ஊசி இறங்கும்போது மாமி என் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதுல்லடா?"

"ஆகாது மாமி" என்றேன். முந்தின நாள் தகரம் என்று சொன்ன அதே வாய்.

அன்றைக்கே நான் பொன்முடிக்குப் பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு வாந்தி. லயத்து வாசலில் பூனை மத்தி மீன் தலை ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது, என்னைக் கண்டதும் எழுந்துகூட நிற்கவில்லை. உயிரோடு இருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அந்த அம்மா, "எலி பிடிச்சதுக்கா ஐயா விரட்டினீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கேயும் பொய்.

பத்து நாளும் பூனை என் வீட்டுப் பின்கட்டில் இருந்தது. சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கறிவேப்பிலைக்கு அடியில் மத்தியை மறைத்து வாங்கிவந்து நானே போட்டேன். காலையில் எழுந்ததும் சுவாமியைப் பார்க்கும் முன்னால் அதன் வாயைப் பார்த்தேன், எச்சில் வடிகிறதா என்று. மாமி தினமும் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து "சாப்பிட்டுதோடா?" என்பாள். பதினொன்றாம் நாள் காலையிலும் பூனை கொழுகொழுவென்று இருந்தது. மாமி சத்தமில்லாமல் அழுதாள்.

மாதக் கடைசியில் அந்தப் பெண் சாவியை நீட்டினாள். பூனை தாராளமாக இருக்கட்டும், மீனும் போடு என்று சொல்லிப் பார்த்தேன்.

"மீனுக்கில்ல சார். கை கீறினதை அன்னிக்கே எங்கிட்ட பறஞ்சிருந்தா அன்னிக்கே ஊசி போட்டிருப்போம்."

பெட்டியையும் கூடையையும் தூக்கிக்கொண்டு போனவள் தெருமுனைக்குப் போகவில்லை. அடுத்த வீட்டுப் படியேறினாள். மாமி தன் பின்னறையை அவளுக்குக் கொடுத்திருந்தாள், பூனையோடு சேர்த்து. எனக்குப் பொறுக்கவில்லை. சுவர் ஓரம் போய் நின்று, நல்லதுக்குச் சொல்கிற மாதிரி கேட்டேன்.

"மாமி, நாளைக்கு மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

மாமி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"ஆச்சுன்னா அவ எங்கிட்ட வந்து சொல்லுவாடா. அது போறும்."