அவரை யாரும் இறங்கச் சொல்லவில்லையாம்

அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டின் மாடிப்படிக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு பெயிண்ட் வேலை தரும் கான்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது. "அமுதா, ஏழுமலை போயிட்டாரும்மா" என்றார். அடுத்த மூச்சிலேயே, "எங்க ஆளுங்க யாரும் அவர இறங்கச் சொல்லல. அவராத்தான் இறங்கினாரு" என்றார். எங்கே, எப்படி என்று நான் கேட்பதற்குள் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டார். அஞ்சலியைக் கண்ணீரோடு எழுத வேண்டும் என்பார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. வயிறுதான் எரிகிறது.

பெயிண்டர்களான உங்களில் பலருக்கு ஏழுமலை அண்ணனைத் தெரியும். பாகூர்க்காரர். கேட், கிரில், கூரைச் சட்டம், தொட்டி என்று பட்டறையிலிருந்து வரும் புது இரும்புக்கெல்லாம் பெயிண்ட் அடித்தவர். நான் அவரோடு எமரித்தாள் தேய்க்கச் சேர்ந்து, பிறகு பிரஷ் பிடித்தவள். சிடுமூஞ்சி என்று அவருக்குப் பெயர். அது பொய்யில்லை. செத்துப்போய்விட்டார் என்பதற்காகச் சாந்தமானவர் என்று எழுத என்னால் முடியாது.

"புது இரும்ப நம்பாதம்மா. புதுசாத்தான் இருக்கும், சுத்தமா இருக்காது" என்பார். பட்டறை எண்ணெயைத் தின்னர் துணியால் துடைத்து முடிக்காமல் பிரைமர் டப்பாவைத் திறக்க விடமாட்டார். பாகூரில் ஒரு வீட்டில் புது கேட் மாட்டிய கையோடு, அந்த வீட்டம்மா எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டார். அண்ணன் வந்தார், ஒரே இழுப்பில் துடைத்தார்.

"யோவ், இன்னாய்யா சாமி பொட்ட அழிக்கிற? நீ நல்லாருப்பியா?"

"எண்ணெ மேல அடிச்சா பெயிண்ட் நிக்காதும்மா. அடிச்சிக் காயட்டும், நானே வந்து வச்சு வுடறேன்."

காய்ந்த பிறகு குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து வைத்துவிட்டுத்தான் போனார். பொட்டு கோணலாக இருக்கிறது என்று அந்த அம்மா அதற்கும் திட்டினார்.

அவர் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். ஒருமுறை பண்டசோழநல்லூரில் நெல் குடோனுக்குக் கூரைச் சட்டம் அடிக்கப் போனோம். வானம் மூடியிருக்கிறது, ஈரமான இரும்பில் அடிக்க ஆகாது என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் பஸ் ஏறும்போது வெயில் பல்லிளித்தது. "மழையும் வரல, கூலியும் வரல" என்று கத்தினேன். "மழ வராதது என் தப்பா?" என்று என்னையே கேட்டார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

இனி, அன்று நடந்தது. அவரோடு வேலை செய்த ஜோசப்பும் அங்கிருந்த மற்றவர்களும் என்னிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் உயரத்துக்கு மேலான புது இரும்புத் தொட்டி. உச்சியில் ஒருவர் நுழையும் அளவுக்கு ஒரே ஒரு வாய். உள்ளே தின்னரால் துடைத்து பிரைமர் அடிக்க வேண்டும். முதல் நாள், உள்ளே காற்றை ஊதித் தின்னர் நெடியை வெளியேற்றும் புளோயர் ஓடியது, பாதித் தொட்டி முடிந்தது. மறுநாள் காலை புளோயரை வேறு சைட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள்.

"மூடி தொறந்துதான கீது, காத்து வரும்ல" என்றாராம் கான்ட்ராக்டர்.

"அதெல்லாம் ஆவாது சார். ஆள் எறங்கறதுக்கு முன்னாடி காத்து எறங்கணும்" என்று அண்ணன் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கான்ட்ராக்டர் ஜோசப்பை இறக்கினார். ஜோசப்புக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள், தட்டிப் பேசத் தெரியாதவர். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் நின்றது. அண்ணன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, கயிற்றோடு இறங்கினார். ஜோசப்பின் அக்குளில் கயிற்றைக் கட்டினார். மேலேயிருந்து இழுத்தார்கள், ஜோசப் வந்துவிட்டார். கயிற்றை மறுபடியும் உள்ளே விட்டார்கள். அதைப் பிடிக்க உள்ளே ஆளில்லை.

யாரும் இறங்கச் சொல்லவில்லையாம். சரிதான். இன்னொருவரை இறங்கச் சொன்னீர்கள். அவரை எடுக்க நீங்கள் இறங்கவில்லை. யாரும் சொல்லாமலே இறங்கியவரைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

கருமாதிக்குத் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார் கான்ட்ராக்டர். அதில் அண்ணன் படத்தைவிட அவர் கைகூப்பி நிற்கும் படம் பெரிது. விதி என்று சிலர் பேசிக்கொண்டார்கள். விதி புளோயரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாது. இன்னும் சிலர் ஜோசப்தான் அவர் உயிரை வாங்கிவிட்டார் என்றார்கள். அந்த மனிதர் இருமிக்கொண்டே பந்தலுக்கு வெளியில் நின்றார், சாப்பிட வரவில்லை. அப்படிப் பேசியவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பிழைத்தவர்மேல் பாயாதீர்கள்.

போன வாரம் கான்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். "பாதி டேங்க் அப்படியே நிக்குதும்மா. ரெண்டு ஆளக் கூட்டினு வந்து முடிச்சுக் குடு."

"புளோயர் வந்துச்சா சார்?"

"வரும், வரும். நீ மொதல்ல வா."

"அது மொதல்ல வரட்டும்."

"நீயும் அந்த ஆள் மாரியே பேசறியே" என்று போனை வைத்துவிட்டார். அதோடு விடுவாரா? பெயிண்டர்கள் நம்பரெல்லாம் அவரிடம் இருக்கிறது. அடுத்த போன் இதைப் படிக்கும் உங்களில் ஒருவருக்குத்தான் வரப்போகிறது. வேலையில்லாத வாரமாகப் பார்த்துத்தான் வரும்.

அண்ணனின் பிரஷ்களை அவர் மகள் எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். "வுடும்மா, போன உயிரு வருமா? நீ ஒடம்பக் கெடுத்துக்காத" என்று அண்ணிகூடச் சொல்கிறார். விடமாட்டேன் அண்ணி. அந்தத் தொட்டி இன்னும் திறந்துதான் இருக்கிறது.