அடுப்பைப் பற்றவைக்கிறவர்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்கள் நான் மொன்றியலில் ஒரு யூதப் பேக்கரியில் அடுப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றால், அடுப்பைப் பற்றவைப்பதைத் தவிர மற்ற எல்லாம். பாணை, அதாவது ரொட்டியை, உள்ளே தள்ளுவது, திருப்புவது, வெளியே இழுப்பது, தட்டுக் கழுவுவது, கை சுட்டுக்கொள்வது, இவையெல்லாம் என் இலாகா. பற்றவைப்பது மட்டும் ஒரு யூதரின் கையால் நடக்கவேண்டும். அப்படி நடந்தால்தான் அவர்களில் கடும் ஆசாரக்காரர் அந்தப் பாணைத் தொடுவார்கள். நெருப்பு இடையில் அணைந்தாலும் அதே கை திரும்ப வரவேண்டும். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற ஒருவனுக்கு இது ஒன்றும் அவமானம் இல்லை. எந்த வேலையிலும் முக்கியமான பகுதியை என்னிடம் தராத முதலாளிகளோடுதான் எனக்குப் பழக்கம்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு முப்பத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகள், ஆறாவது பிறந்து மூன்று வாரம். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, மா படிந்து சாம்பல் நிறமாகிவிட்ட தாடி. பேக்கரி முதலாளி வைத்த ஆள் அல்ல. இது கோஷர் உணவு, அதாவது அவர்களுடைய முறைப்படி தகுதியான உணவு, என்று முத்திரை கொடுக்கும் ஒரு சபை அனுப்பிய மேற்பார்வையாளர். காலை ஐந்து மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பார். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கோப்பையில் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இருந்தால் கொட்டிவிடுவார், இல்லாவிட்டால் என்னிடம் தருவார். ஒரு நாளைக்குச் சில நூறு முட்டை. இதைவிடக் கண்ணைக் கெடுக்கிற வேலை எனக்கு ஒன்றுதான் தெரியும், அச்சுப்பிழை பார்ப்பது. ஊரில் அதையும் செய்திருக்கிறேன்.

யூத மதகுருமாரைக் கூப்பிடுவதுபோல் நான் அவரை ராபி என்று கூப்பிட்டேன். இரண்டாம் நாளே மறுத்தார்.

"நான் ராபி இல்லை. படிச்சனான், முடிக்கேல்லை. அதோட அந்தச் சொல்லுக்கு 'என்னுடைய பெரியவர்' எண்டு அர்த்தம். உங்களுக்கு நான் பெரியவரா?"

அவர் இதை ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் என் ஞாபகத்தில் ராபி எப்போதும் சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அதைத் திருத்த எனக்கு இப்போது சக்தி இல்லை, அப்படியே விட்டுவிடுகிறேன். எங்களிடமும் அதே அர்த்தத்தில் 'எம்பெருமான்' என்று ஒருவர் இருக்கிறார், அவரைக் கோயிலில் வைத்திருக்கிறோம் என்றேன்.

"அப்ப அங்கேயே இருக்கட்டும்," என்றார்.

ஆனாலும் ராபி என்றே கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ்டர் என்றார். என் பெயர் அவர் வாய்க்குள் நுழையவில்லை. அவர் பெயர் என் வாய்க்குள் நுழைந்தது, வெளியே வரும்போது வேறு ஏதோவாகி வந்தது.

இந்த இடத்தில் என் வியாதியைச் சொல்லவேண்டும். தமிழ்க் கடைகளில் வாசலோரம் இலவசமாக அடுக்கிவைக்கும் மாதப் பத்திரிகை ஒன்றில், சொற்களின் பூர்வீகம் பற்றி ஒரு பக்கம் எழுதிவந்தேன். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று தெரியாது. மீன் சுற்ற அந்தப் பக்கம் அளவாக இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் பாராட்டியிருக்கிறார். இலத்தீன், கிரேக்கம், அரபு எல்லாவற்றையும் வாசகர் தலையில் கட்டி முடித்திருந்தேன். எபிரேயத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என்று தொடங்கினால் நாலு மாதம் இழுக்கலாம் என்று பட்டது. நூலகத்தில் அகராதி இருந்தது. அதைவிட வசதியாக, பக்கத்திலேயே நின்று ஒருவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

காலை எட்டரைக்கு இருபது நிமிட இடைவேளை. முன்பெல்லாம் ராபி அந்த நேரத்தில் மா மூட்டைகள் அடுக்கிய அறையில், கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுவார். என் பத்திரிகைப் பக்கம் எபிரேயத்துக்கு வந்த பிறகு அந்த இருபது நிமிடமும் என்னுடையதாகிவிட்டது. குறிப்பெழுத நான் ஒரு கொப்பியோடு போய் முன்னால் நிற்பேன். அவர் ஒரு கண்ணைத் திறப்பார்.

ஒருநாள் பணிசு என்கிற இனிப்பு பன்னுக்குக் கறுவாப்பட்டைத் தூள் தூவிக்கொண்டே, "இது எங்கட நாட்டுச் சாமான்," என்றேன்.

"பேர் எங்கட," என்றார். "கின்னமோன்."

தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அதற்குள்ள சினமன் என்ற பெயர், கிரேக்கர் ஃபினீசிய வியாபாரிகளிடம் கேட்டுக் கற்ற சொல்லாம். ஃபினீசியமும் எபிரேயமும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். பட்டை எங்களுடையது, பெயர் அவர்களுடையது, புகழ் இடையில் கப்பல் ஓட்டியவனுடையது.

இலையுதிர் காலத்தில் இந்த மாகாணம் முழுக்க விற்கும் அப்பிள் மதுவின் கதை இன்னும் மோசம். வெறிக்கிற குடிவகை எதற்கும் எபிரேயத்தில் ஷேக்கார் என்று பெயர். அது கிரேக்கத்தில், இலத்தீனில், பிரெஞ்சில் என்று மூன்று வீட்டில் வாடகைக்கு இருந்து, கடைசியில் சைடர் என்று ஆங்கிலத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

"தொடக்கத்தில அப்பிளுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றார் ராபி.

"குடிபெயர்ந்தால் வேலை மாறும்தானே. நானும் இங்கிலீசு படிப்பிக்கலாமெண்டுதான் இஞ்ச வந்தனான்."

ஜூபிலி என்பது யோவேல், ஆட்டுக்கடா. அதன் கொம்பை ஐம்பதாவது வருடத்தில் ஊதுவார்கள், அடிமைகளை விடுவார்கள், விற்ற காணி பழைய சொந்தக்காரனுக்குத் திரும்பும். எனக்கு அடுத்த வருடம் ஐம்பது, விடுவார்களா என்று கேட்டேன். கணக்கு நாட்டுக்கு, ஆளுக்கில்லை என்றார். ஏழு வருடத்துக்கு ஒருமுறை பேராசிரியர்கள் எடுக்கும் நீண்ட விடுமுறையின் பெயர், சபாட்டிகல், அவர்களுடைய வாராந்த ஓய்வுநாளான ஷபாத்திலிருந்து வந்தது. ஷபாத் என்றால் நிறுத்து. எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வாசலில் கழற்றி வைக்கும் சப்பாத்துதான் கண்ணில் வரும். அது போர்த்துக்கீசம், உறவில்லை. ஆமென் என்றால் உறுதி. நம்பிக்கைக்கும் உண்மைக்கும் அதே வேர். மிசன் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் நாளுக்கு இரண்டு தரம் அதைச் சொன்னவன் நான். 'இனி இருக்கலாம்' என்று அர்த்தம் என நினைத்திருந்தேன்.

ஒரு தடவை பழிவாங்கப் பார்த்தேன். சோற்றுக் கற்றாழைக்கு ஆங்கிலத்தில் உள்ள அலோ என்ற பெயர் எபிரேயத்து அஹாலிம், அதற்கும் முன்னால் அது எங்கள் அகில் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

ராபி கோப்பையில் முட்டையைப் பார்த்தபடியே கேட்டார். "அகில் எண்டால் கற்றாழையோ?"

"இல்லை. வாசனை மரம்."

"பிறகு?"

பிறகு ஒன்றும் இல்லை. அந்த மாதம் அந்தப் பகுதியை வாசகர்களுக்கு மட்டும் எழுதினேன். அவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

இதையெல்லாம் வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னபோது அவ கீரையிலிருந்து தலை நிமிரவில்லை.

"அந்த மனிசனை நித்திரை கொள்ள விடுங்கோவன்," என்றா. "ஆறு பிள்ளை. நான் இரண்டைப் பெத்துப்போட்டு இரண்டு வருசம் கண்மூடேல்லை. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பக்கத்தில குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தனீங்கள்."

அதற்கு முந்திய கிழமைதான் சபையிலிருந்து ஒரு பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ராபி முட்டைக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே தூங்கி வழிவதைக் கண்டிருந்தார். இன்னொரு தரம் இப்படி என்றால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். ராபி அதைப் பற்றி என்னோடு கதைக்கவில்லை. அன்றைக்கும் நான் கொப்பியோடு போனேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

மனைவி சொன்னதற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. டிசம்பர். அந்த மாதத்தில் இங்கே நாலு மணிக்கே பொழுதுபட்டுவிடும், அதோடு அவர்களுடைய ஷபாத் தொடங்கிவிடும். ஆகவே மத்தியானத்துக்குள் ஷபாத் மேசைக்கான பின்னல் பாண்கள் எல்லாம் கடைகளுக்குப் போயாகவேண்டும். எட்டரைக்கு ராபி மா அறைக்குப் போனார். நான் கொப்பியை எடுக்கவில்லை. இருபது நிமிடம் முடிந்தும் அவர் வரவில்லை. முட்டை வேலை முடிந்திருந்தது, நானும் கூப்பிடவில்லை.

ஒன்பது மணிக்கு லொறிக்காரர் பின்கதவை அகலத் திறந்து கல்லை வைத்துவிட்டுப் போனார். காற்று நேராக அடுப்புக்கு வந்தது. நெருப்பு அணைந்தது.

இருநூறு பாண் பொங்கி நின்றன. கொஞ்சம் விட்டால் அமிழ்ந்துவிடும். நான் மா அறை வாசலுக்குப் போனேன். தொப்பி முழங்காலில் இருந்தது. வாய் திறந்திருந்தது. தாடிக்கு மேலே இருந்த முகம், தொப்பி இல்லாமல், முப்பத்திரண்டைவிடக் குறைவாகத் தெரிந்தது. எங்கள் வீடுகளில் நித்திரையில் இருப்பவரை எழுப்ப இரண்டு காரணம்தான் உண்டு, சாவு அல்லது ரயில். இது இரண்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. திரும்பி வந்து, சுவரில் தொங்கிய நீளமான லைட்டரை எடுத்து, நானே பற்றவைத்தேன்.

தெரியாமல் செய்தது என்று சொல்லமாட்டேன். அந்த அடுப்பில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ராபி ஓடி வந்தார். முகத்தைக் கழுவினார், தொப்பியைச் சரிசெய்தார், இரண்டு தாங்கிகளில் ஆறிக்கொண்டிருந்த பாண்களைப் பார்த்தார்.

"அணையேல்லைத்தானே?" என்றார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

'இல்லை' என்றால் முடிந்துவிடும். வேறு எவருக்கும் தெரியாது. லொறிக்காரர் கவனிக்கவில்லை, முதலாளி இன்னும் வரவில்லை. 'அணைஞ்சது' என்றால், ஆறு பிள்ளைக்காரரின் வேலை என் வாயால் போகும். ஆனால் அந்தப் பாணில் இரண்டை அவர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கொண்டுபோவார் என்பதும் எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் இந்த மனிதர் தன்னுடைய நாக்கில் படுவது என்ன என்பதற்கு என்னை நம்பித்தான் இருந்திருக்கிறார் என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

"அணைஞ்சது. ஒன்பது மணிக்கு. நான்தான் பத்தவைச்சனான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

"ஏன் எழுப்பேல்லை?"

"நீர் நித்திரை."

"நித்திரையா இருக்கிறவனைத்தானே எழுப்புறது, மிஸ்டர்."

 

"எந்தத் தட்டிலயிருந்து?" என்றார். காட்டினேன். இரண்டு தாங்கிகளையும் சுவரோரம் தள்ளி, மேலே வெள்ளைக் கடதாசி போர்த்தினார். அடுப்பை அணைத்து, தன் கையால் திரும்பப் பற்றவைத்தார். பிறகு டெலிபோனை எடுத்தார்.

"கொஞ்சம் பொறும்," என்றேன். "நான் களவாய்ப் பத்தவைச்சனான் எண்டு சொல்லுறன். நீர் கழிப்பறையில நிண்டனீர்."

"நிக்கேல்லையே."

"பழி எனக்கு வரட்டும். என்னை அவை ஒண்டும் செய்யேலாது."

அவர் ரிசீவரோடு என் பக்கம் திரும்பினார். பாவங்களை ஓர் ஆட்டின் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்குத் துரத்தும் பழைய சடங்கை முந்திய மாதம் அவர்தான் எனக்கு விளக்கியிருந்தார். அதில் ஓர் எபிரேயச் சொல் வருகிறது, அந்த ஆடு போய்ச்சேரும் இடத்தின் பெயரோ எதன் பெயரோ, ஆங்கிலத்தில் ஆக்கியவர்கள் அதை விளங்காமல், தப்பிப்போகும் ஆடு, ஸ்கேப்கோட், என்று எழுதிவிட்டார்கள். பழி சுமக்கிற எவனுக்கும் ஆங்கிலத்தில் அந்தத் தவறுதான் இன்றும் பெயர்.

"ஆட்டை நாங்கள்தான் தெரிவுசெய்யிறது," என்றார். "ஆடு தானா வந்து நிக்கிறேல்லை."

நம்பரை அழுத்தினார். எபிரேயமும் இல்லாத ஆங்கிலமும் இல்லாத அவர்களுடைய வீட்டுப் பாசையில் இரண்டு நிமிடம் கதைத்தார். நித்திரை என்ற சொல்லை அவர் எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. குரலில் ஓர் இடத்தில் மட்டும் சின்ன இடைவெளி இருந்தது. வைத்துவிட்டு, "ஞாயிறு வரவேண்டாமாம். கூப்பிடுவினமாம்," என்றார்.

முதலாளி வந்து, மொரோக்கோ பிரெஞ்சில் என்னையும் ராபியையும் லொறிக்காரரையும் வரிசையாகத் திட்டினார். ஒரு பாணைப் பிய்த்து வாயில் போட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார், மேலும் கோபமாக. போர்த்திய பாண்கள் முத்திரை இல்லாத பைகளில் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போயின. வழக்கமான மூன்று கடைகளுக்கு அன்று பாண் போகவில்லை.

இரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் பஸ் தரிப்பில் நின்றோம். பனி கிடைமட்டமாக அடித்தது. அவர் பையில், திரும்பப் பற்றவைத்த பிறகு வெந்த பாண் இரண்டு இருந்தன. மன்னிப்புக் கேட்க மூன்று மொழியில் முயன்றேன். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"வீட்டில சொல்லுவீரோ?" என்று கேட்டேன்.

"ஷபாத்தில கவலைக் கதை கதைக்கிறேல்லை. நாளைக்குப் பொழுதுபட்டு மூண்டு நட்சத்திரம் தெரியோணும்."

"ஷபாத் தொடங்க இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கே."

"அவ சமைச்சுக்கொண்டிருப்பா."

"முகத்தைப் பார்த்தால் விளங்காதோ?"

"என்ர முகம் எப்பவும் இப்பிடித்தான்," என்றார். பஸ் வந்தது. ஏறும்போது தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

நான் என் மனைவியிடம் சொல்ல ஷபாத் ஒன்றும் தடையாக இருக்கவில்லை. கோட்டைக் கழற்ற முன்னமே சொல்லிவிட்டேன். அவ கேட்டுவிட்டு, "நான் நித்திரை கொள்ள விடச் சொன்னது இடைவேளையில," என்றா. பிறகு எனக்குச் சோறு போட்டா.

சனிக்கிழமை ஐந்து மணிபோல் பல்கனியில் போய் நின்றேன்.

"என்ன பாக்கிறியள்?" என்று உள்ளேயிருந்து கேட்டா.

"நட்சத்திரம்."

"முகிலுக்குள்ளயோ? கதவைப் பூட்டிக்கொண்டு வாங்கோ, வெக்கை போகுது."

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு பேக்கரிக் கதவைத் திறந்தவர் வேறு ஒருவர். நல்ல நித்திரை கொண்ட முகம். போன்ஜூர் சொன்னார், கோட்டைக் கொழுவினார், லைட்டரைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் குனிந்து பற்றவைக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்தேன். ராபியின் வீட்டில் விசயம் தெரிந்து பன்னிரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும்.