செல்வமண்ணை இறங்கிவந்த படிக்கட்டு

கனடாவில், மிசிசாகாவில் மகள் வாங்கிய புது வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். "ஏறிப் பாருங்கோ அம்மா, சத்தமே இல்லை" என்று படிக்கட்டைப் பெருமையாகக் காட்டினாள். உண்மைதான், என் பாரத்துக்கே அது முனகவில்லை. நானோ கைப்பிடியைப் பிடித்தபடி நடுப்படியில் நின்றுவிட்டேன். சத்தமில்லாத படியில் ஒருவர் என்ன சேதியோடு இறங்கி வருகிறார் என்று எப்படித் தெரியும், சொல்லுங்கள்?

யூனியன்வில் பக்கம் எங்கள் தமிழ்ப் பாடசாலை நடந்த மரவீட்டை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரப் பணக்காரர் கோடையில் வந்து தங்குவதற்குக் கட்டியது. தூணும் விட்டமும் ஆணியில்லாமல் மரமுளைகளாலேயே பூட்டியவை. அவருடைய பிள்ளைகள் விற்று, வாங்கியவர் வாடகைக்கு விட்டு, கடைசியில் எங்கள் கைக்கு வந்தது. சனிக்கிழமைகளில் பழைய அடுப்பிருந்த குசினியில் சின்னப் பிள்ளைகளின் அரிவரி வகுப்பு, விருந்து மண்டபத்தில் பெரிய பிள்ளைகள். மழைநாளில் பழைய மரமும் பிள்ளைகளின் ஈரக் காலுறையும் சேர்ந்து ஒரு மணம் வரும் பாருங்கள், அப்பப்பா!

மாடியறையில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொண்டவர் செல்வமண்ணை. தொலைபேசியும் அங்கேதான். நாங்கள் வாடகைக்கு, பேஸ்மென்ற் விட்டு பேஸ்மென்ற் மாறிக்கொண்டிருந்த சனம். அதனால் மாறாத நம்பர் என்று பாடசாலை நம்பரையே வன்னியிலிருந்த உறவுகளுக்குக் கொடுத்துவைத்திருந்தோம். போர் முடிந்த அந்த வைகாசியில் மணி அடித்தால் வகுப்பெல்லாம் வாயடைத்துவிடும். அண்ணை தடதடவென்று இறங்கினால் ஆள் உயிரோடு. ஒவ்வொரு படியும் கிறீச்சிட, நின்று நின்று வந்தால் யாரோ போய்விட்டார்கள். கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நிற்கும். பயம், வேறொன்றுமில்லை. என் தம்பியிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சொல் இல்லை.

ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. பக்கத்து வகுப்பு ராணி ரீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனும் வன்னியில்தான் இருந்தான்; அவனிடமிருந்தும் சேதி இல்லை. அண்ணை மெதுவாக, மிக மெதுவாக இறங்கினார். கடவுளே, எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம் என்று மனம் கெஞ்சியது. அப்படியென்றால் யாருக்கு என்று அது யோசிக்கவில்லை.

"ரீச்சர், உங்கட தம்பி இருக்கிறான். முகாமில நிக்கிறானாம். அவன்தான் கதைச்சவன்."

"பிறகேன் அண்ணை இப்பிடி வந்தனீங்கள்?" அழுதுகொண்டே கத்திவிட்டேன்.

அவர் ராணி ரீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இவவும் நிக்கிறா எல்லே. நான் எப்பிடி ஓடி வாறது?"

சில வருடங்களில் சொந்தக்காரர் அந்த வீட்டை விற்றுவிட்டார். இப்போது அங்கே ஒட்டி ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸ் வரிசை. பாடசாலை, கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மாடிக்குப் போனது. இடிப்பதற்கு முன், கடைசிச் சனிக்கிழமை, எல்லோரும் தூணோடும் விட்டத்தோடும் நின்று படம் எடுத்தோம். ராணி ரீச்சர் மட்டும் படிக்கட்டின் கீழே நின்றார்.

"மேல ஃபோன் இருக்குதோ அண்ணை?"

"நேற்றே வெட்டிப்போட்டாங்கள் ரீச்சர்."

"ஐயோ, என்ர பிள்ளைக்கு உந்த நம்பர் மட்டும்தானே தெரியும்."