மூதூர் றபானும் நான் கேட்டு முடிக்காத பாட்டும்

1. கவுண்டருக்கு வந்தவர்

அறுபதுகளின் நடுப்பகுதி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை. துறைமுகப் பண்டகசாலைக் கவுண்டரில் இருந்து ஆணிப் பெட்டிகளுக்குத் துண்டு எழுதிக்கொண்டிருந்தேன். சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக வந்த ஒருவர் என் முன்னால் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்தார். அது நான் பகுதிநேர நிருபராக எழுதிவந்த கொழும்புப் பத்திரிகைதான்.

“இத எழுதினது தம்பிதானே?”

“ஓம்.”

“எங்கட பாட்ட எவடத்தில விட்டுட்டு எழும்பிப் போனீங்க?”

அப்போதுதான் ஆளை மட்டுக்கட்டினேன். மூதூரில் றபான் என்ற கைமேளத்தைத் தட்டிப் பாடும் குழுவின் தலைவர் இபுறாகீம் காக்கா; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்த வாரம் அவருடைய குழுவை நான்தான் துறைமுக விழாவிலிருந்து வெட்டுப்பட வைத்திருந்தேன். அது எப்படி நடந்தது என்று இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். என் பெருமைகளைப் பற்றி எழுதச் சொன்னால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். இது அந்தக் கணக்கில் சேராது.

2. பிரிவியூ என்றால் என்ன

எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை துறைமுக விழா நடக்கும். ஒரே மேடையில் கோயில் வீதி நாதஸ்வரக்காரர், பாலையூற்றுப் பறங்கியரின் ஆட்டப்பாட்டான பைலா பாண்ட், கிளிவெட்டிக் கூத்துக்காரர், மீன்பிடிக்க வந்து குடியேறிய சிங்களக் குடும்பங்களின் பெண்கள் குழு என்று எல்லோரும் ஏறுவார்கள். ஒவ்வொரு குழுவின் ரிகர்சலையும் முன்கூட்டியே போய்க் கேட்டு, யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று எழுதுவது என் வேலை. அதற்குப் பெயர் பிரிவியூ. சனிக்கிழமை விழா என்றால் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அது பத்திரிகையில் வரும். திங்கட்கிழமை விழாக் கமிட்டி அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் யாருக்குப் பின் யார் மேடையேறுவது என்று ரன்னிங் ஓடர் போடும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. பிரிவியூவில் என் பெயர் வராது. ஆனாலும் எழுதுவது நான்தான் என்று ஊரெல்லாம் தெரியும். நாதஸ்வரக்காரர் எனக்குத் தேத்தண்ணி தரும்போது சீனி கூடப் போடுவார்.

அந்த வருடம் மூதூர்க் குழு முதன்முறையாக மேடை கேட்டிருந்தது. பன்னிரண்டு பேர். எல்லோரும் கொட்டியாரக் குடாவில் சங்கு குளித்த ஆட்கள், இல்லையென்றால் அவர்களுடைய மக்கள். குடாவைக் கடக்கும் லோஞ்ச் பிடித்துப் போனேன். ஜெற்றிக்குப் பக்கத்தில் மீன்காரரின் ஓலைக் கொட்டில் ஒன்றில், ஒரு வாடியில், ரிகர்சல். படகு கரையிலிருந்து வெளிக்கிடும் பாட்டு நன்றாகவே இருந்தது. துடுப்புத் தண்டு வலிக்கும் தாளம் ஏறி ஏறி வந்தது. திடீரென்று பன்னிரண்டு றபானும் நின்றுவிட்டன. பாட்டும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கடைசி லோஞ்சின் கோர்ண் அடித்தது. பாட்டை மறந்துவிட்டார்கள், பாவம், முகத்தைப் பார்த்து வெட்கப்படுத்தக்கூடாது என்று நினைத்து, சத்தம் போடாமல் எழும்பி நடந்தேன். அதைப் பெரிய நாகரிகம் என்றும் எண்ணிக்கொண்டேன்.

கொப்பியில் இப்படி எழுதினேன்: “மூதூர்க் குழுவினரின் தாளம் நடுவழியில் அறுந்துவிடுகிறது. அவர்களுக்கு இன்னும் ஒரு வருடப் பயிற்சி தேவை.” கமிட்டி அந்த ஒரு வரியைப் பார்த்துப் பெயரை வெட்டிவிட்டது.

3. தாளம் நிற்கவில்லை

“தாளம் நிண்ட பிறகுதான் எழும்பினனான் காக்கா,” என்றேன் கவுண்டரில்.

“நிண்டது தாளமில்ல தம்பி. ஆள் தண்ணிக்குள்ள இருந்தது.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். “நாளைக்கு வாங்க. இருந்து கேளுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். அதே வாடி, அதே பன்னிரண்டு பேர். படகு வெளிக்கிட்டது, தண்டு வலித்தார்கள், றபான்கள் நின்றன. இந்த முறை நான் இபுறாகீம் காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை இறுக மூடியிருந்தார். கண்ணும் மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை. கழுத்து நரம்பு மெல்லமெல்லப் புடைத்தது. அந்த மனிதர் உண்மையாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்! மற்றப் பதினொரு பேரும் படகில் கயிறு பிடித்திருக்கும் ஆட்களைப்போல, கையை றபானுக்கு மேலே தூக்கியபடி காத்திருந்தார்கள். சங்கு குளிக்கப் போனவன் கீழே இருக்கும்வரை படகில் ஒருவரும் பேசமாட்டார்கள் அல்லவா, அதுதான் அந்த மௌனம். கடைசியில் அவருடைய ஒரு விரல் மட்டும் றபானில் ஒருமுறை தட்டியது. கீழே இருப்பவன் கயிற்றை ஒருமுறை இழுப்பதுபோல. உடனே பதினொரு றபானும் சேர்ந்து அவரை மேலே தூக்கின. அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நானும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறேன் என்பது, இருமல் வந்தபோதுதான் தெரிந்தது.

நான் எத்தனையோ பெரிய வித்துவான்களைக் கேட்டவன். ஆனால் ஒரு மனிதன் தன் சுவாசத்தையே தாளமாக வைத்து வாசித்ததை அன்றுதான் கண்டேன். சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

“எவ்வளவு நேரம் எண்டு ஒரு கணக்கு இருக்கா காக்கா?”

“இல்ல. மூச்சு முடியிற நேரம்தான். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி.”

“நான் இத எழுதிறன். சனத்துக்கு விளங்கட்டும்.”

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம் தம்பி. சொல்லிப்போட்டா அவங்க காத்துக்கொண்டு இருப்பாங்க. கடலுக்குள்ள போனவன் வருவான் எண்டு ஆருக்கும் முதல்லயே தெரியாதே. அந்தப் பயம் இல்லாட்டி இது பாட்டில்ல.”

4. பெயர் போட்ட முதல் பிரிவியூ

விழாக் கமிட்டிச் செயலாளர் பீட்டர், பறங்கியர். துறைமுக அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியும்கூட. வியாழக்கிழமை காலை அவருடைய கதிரைக்கு முன்னால் போய் நின்றேன்.

“என்ன மேன், தாளம் அறுகுது எண்டு எழுதினதும் நீர். இப்ப இடம் குடுங்கோ எண்டு கேக்கிறதும் நீர்! அப்ப ஏன் அறுந்தது? அதச் சொல்லும்.”

“சொல்லேலாது சேர்.”

“அப்ப நான் கமிட்டிக்கு என்ன சொல்றது?”

“பிழை என்ர எண்டு சொல்லுங்கோ.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “நான் சொன்னாக் காணாது. நீர் பேப்பர்ல போடும், உம்மட பேரோட. நாளைக்குப் பேப்பர்ல அது வந்தா இடம் தாறன்.”

கொழும்புக்கு டெலிபோன் எடுத்தேன். ஆசிரியர் யாழ்ப்பாணத்து மனிதர். நடந்ததைச் சொன்னேன்.

“எங்கட ஆளே தான் எழுதினது பிழை எண்டு எழுதினா, பிறகு எங்கட பிரிவியூவ ஆர் நம்புவினம்? நான் போடுறன். ஆனால் இனிமேல் சங்கீதம் எழுதிறதுக்கு வேற ஆளப் பாக்க வேண்டிவரும். யோசிச்சுச் சொல்லும்.”

யோசித்தேன், பொய் சொல்லக்கூடாது. பண்டகசாலையில் ஆணி எண்ணுகிறவனுக்கு அந்தப் பத்தி ஒன்றுதான் நெஞ்சை நிமிர்த்தி நடக்க இருந்த காரணம். அதைக் கையால் எடுத்துக் கொடுக்க ஒருவருக்கும் மனம் வராது. ஆனால் கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்த அந்த முகம் போகமாட்டேன் என்றது. “போடுங்கோ ஐயா,” என்றேன்.

வெள்ளிக்கிழமை மெயில் ரயிலில் பத்திரிகை வந்தது. பெட்டி கட்டி, அடியில் என் பெயர். அச்சில் என் பெயர் வந்த முதல் நாள் அதுதான். “சென்ற ஞாயிறு மூதூர்க் குழுவைப் பற்றி நான் எழுதியது பிழை. அவர்களை நான் கடைசிவரை கேட்கவில்லை. பிறகு கேட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்லமாட்டேன். நாளை போய்க் கேளுங்கள். நடுவில் எழும்பாதீர்கள்.” இவ்வளவுதான். பீட்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பைலா பாண்டுக்கு முன்னால், பொழுது படுகிற நேரத்துக்கு இடம் கொடுத்தார்.

5. மைதானம்

சனிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. மூதூர் லோஞ்சில் வந்த சனம் ஒரு பக்கம், பைலாவுக்கு ஆட வந்த இளசுகள் மற்றப் பக்கம். பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். படகு வெளிக்கிட்டது. தண்டு வலித்தார்கள். றபான்கள் நின்றன.

கொஞ்ச நேரம் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். “மறந்து போச்சு டோய்!” என்று இன்னொருவன் கத்தினான். கூச்சல் ஏறியது. பீட்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, “இப்பவாவது சொல்லும் மேன்,” என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு மேடையையே பார்த்தேன். வாடியில் கேட்ட அளவு நேரம் எப்போதோ கடந்துவிட்டது. விரல் அசையவில்லை. இபுறாகீம் காக்காவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐயோ, போதும், தட்டுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு சிங்களப் பெண் முதலில் அவருடைய முகத்தைக் கவனித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் மேடையைப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகக் கூச்சல் குறைந்தது. விசிலடித்தவனும் நிறுத்தினான். அவ்வளவு பெரிய மைதானத்தில் கரையில் அலை புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த விரல் தட்டியது.

பதினொரு றபானும் எழுந்தபோது மைதானமே ஒரு மூச்சு விட்டது. நான் அழுதேன். பீட்டரும் அழுதார், ஆனால் பிறகு கேட்டால் கண்ணில் தூசி என்பார்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். இபுறாகீம் காக்கா ஒரு கதிரையில் சாய்ந்து கிடந்தார். யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன காக்கா இது, உசிர விடப் பாத்தீங்களா? ஏன் இவ்வளவு நேரம்?”

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

“சனம் கத்திக்கொண்டு இருந்திச்சே தம்பி. அந்தச் சத்தத்துக்குள்ள தட்டினா ஆருக்குக் கேக்கும்? அவங்க அடங்குமட்டும் கீழயே இருந்தனான்.”

சங்கீதப் பத்தி வேறொருவர் கைக்குப் போயிற்று. மூன்று வருடம் கழித்துத் திரும்ப என்னிடம் வந்தது. அதன் பிறகு நான் எந்த ரிகர்சலிலிருந்தும் முதலில் எழும்பியதில்லை, லோஞ்ச் போனாலும் சரி. நமக்குக் கேட்கும்வரை ஒருவர் தண்ணீருக்குள் காத்துக்கொண்டிருக்கலாம்.